வி8ஆ, டர்போவா? 2011 எஃப்-150: ஒரு நிகழ்வு ஆய்வு

2011 ஜனவரி டெட்ராய்ட் கார் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம், ஓடித் தேய்ந்த ஓர் இன்ஜினை மேடையில் வைத்து, கூட்டத்தின் கண்முன்னே நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டது. 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் டர்போ இரண்டு. பெயர் ஈக்கோபூஸ்ட்.

அந்த இன்ஜின் பட்ட பாடு சாதாரணமல்ல. முதலில் சோதனைக்கூடத்தில் 1,50,000 மைல், அதாவது 2,40,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான உழைப்பு வாங்கினார்கள். பிறகு அதே இன்ஜினை, பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள ஓர் எஃப்-150 பிக்கப் வண்டியில் பொருத்தி ஆரிகன் மாநிலத்தில் வெட்டிய மரங்களை இழுக்க விட்டார்கள். மயாமி பக்கத்து ஹோம்ஸ்டெட் பந்தயத் தளத்தில் 5,100 கிலோ பாரத்தைக் கட்டி 24 மணி நேரம் சுற்ற வைத்தார்கள். அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் ஏற்றினார்கள். அதுவும் போதாதென்று மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்திலும் ஓட்டினார்கள். இத்தனைக்கும் பிறகுதான் அந்த மேடை.

ஓர் இன்ஜினை விற்க இவ்வளவு சத்தியம் எதற்கு? எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் பிக்கப். அதை வாங்குகிறவர் மனதில் பிக்கப் என்றால் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின்தான். 2009, 2010 ஆண்டு எஃப்-150களில் ஆறு சிலிண்டர் வி6 கிடையவே கிடையாது. அப்படிப்பட்டவரிடம் போய், இதோ இரண்டு சிலிண்டர் குறைவான இன்ஜின், இதன் விலை வி8ஐ விட 750 டாலர் அதிகம் என்றால் என்ன செய்வார்?

என்ன செய்தார் என்பதும் அந்த ஆண்டே தெரிந்துவிட்டது. 2011 மே மாதம் விற்ற எஃப்-150களில் பாதிக்கு மேல் வி6. 1985க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. டர்போ வென்றது என்று எல்லோரும் எழுதினார்கள். அந்தக் கணக்கில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

(ஈக்கோபூஸ்ட் என்ற பெயர் நம்மூருக்கும் புதிதல்ல. சென்னையை ஒட்டிய மறைமலை நகரில் தயாரான ஈக்கோஸ்போர்ட் காரில் 2013ல் வந்த 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.)

கடையில் இருந்த சரக்கு

2011ல் ஃபோர்டு எஃப்-150இன் இன்ஜின்களை மொத்தமாக மாற்றியது. பழைய 4.6, 5.4 லிட்டர் வி8கள் போயின. அவற்றுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. 5.4 டிரைட்டனின் ஒரு காலத்து மூன்று வால்வு வடிவத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனால் பாதி கையோடு வரும், மீதி இன்ஜின் ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பெரிய இன்ஜின் என்றாலே தொல்லையில்லாதது என்று சொல்கிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

புதிதாக வந்தவை நான்கு. அதில் 6.2 லிட்டர் வி8 விலை உயர்ந்த வண்டிகளுக்கானது, விட்டுவிடலாம். மற்ற மூன்றுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. டர்போ இல்லாத 3.7 லிட்டர் வி6, 302 எச்பி. 5.0 லிட்டர் வி8, 360 எச்பி, 515 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஈக்கோபூஸ்ட் வி6, 365 எச்பி, 569 நியூட்டன் மீட்டர். எல்லாவற்றுக்கும் ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான்.

எச்பியில் வி8க்கும் டர்போவுக்கும் வித்தியாசம் ஐந்தே ஐந்து. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது டார்க் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பதை. வி8 தன் முழு டார்க்கைத் தருவது 4,250 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 4,250 சுற்றில். டர்போ 2,500லேயே தந்துவிடுகிறது.

பெட்ரோல் கணக்கு

இந்தச் சின்ன இன்ஜின்கள் பிறந்ததே மைலேஜுக்காகத்தான். 2008 கோடையில் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல் 4 டாலரைத் தாண்டியது. 2010ல் அரசு புதிய எரிபொருள் சிக்கன விதிகளை உறுதி செய்தது. லட்சக்கணக்கில் பிக்கப் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ஒவ்வொரு வண்டியிலும் கொஞ்சம் மிச்சமானாலும் அது பெரிய தொகை. ஆனால் அது நிறுவனத்தின் கணக்கு. வாங்குகிறவர் கணக்கு வேறு.

இரண்டு சக்கரங்களை மட்டும் இன்ஜின் இயக்கும் எஃப்-150க்கு அரசு அளித்த, நகரமும் நெடுஞ்சாலையும் சேர்ந்த கலப்பு மைலேஜ்: வி8 கேலனுக்கு 17 மைல், ஈக்கோபூஸ்ட் 18, சாதா வி6 19. நம் கணக்கில் லிட்டருக்கு 7.2, 7.7, 8.1 கிலோமீட்டர். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுகிறவர் வி8க்குப் பதில் டர்போ வாங்கினால் மிச்சமாவது 49 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்று வைத்தால் 171 டாலர். கூடுதலாகக் கொடுத்த 750 டாலரை மீட்க நாலரை வருஷம் ஆகும். அதற்குள் பலர் வண்டியை மாற்றிவிடும் யோசனைக்கு வந்திருப்பார்கள்.

ஆக, பெட்ரோல் மிச்சத்துக்காக டர்போவை வாங்கியவர் கணக்கில் தோற்றார் என்றே சொல்வேன். அதிலும் இந்த எண்கள் ஆய்வுக்கூட உருளைகளின் மேல், மெதுவான காலோடு ஓட்டி எடுத்தவை. சமதரையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு வெறும் பிக்கப் ஓட முப்பது, நாற்பது எச்பி போதும். அந்த நிலையில் டர்போ ஏறக்குறைய தூங்குகிறது, சின்ன இன்ஜின் சின்ன இன்ஜினாகவே இருக்கிறது. காலை அழுத்தினால் டர்போ விழித்துக்கொள்ளும். கூடுதல் காற்று, அதற்கேற்ற கூடுதல் பெட்ரோல். பாரம் இன்னும் ஏறினால், புகைப் போக்கியின் வெப்பத்தைத் தணிக்க எரியத் தேவையான அளவுக்கும் மேலாகப் பெட்ரோலைக் கொட்டுகிறது இன்ஜினின் கணினி. இந்த இடத்தில் சின்ன இன்ஜினின் சிக்கனம் காணாமல் போகிறது. பெரிய டிரெய்லரைக் கட்டி இழுத்தால் இரண்டுமே லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் வாக்கில்தான் தரும்.

மலையில் நடப்பது வேறு

அப்படியானால் டர்போவுக்கு அந்த 750 டாலர் தகுமா? தகும், ஆனால் வேறொரு காரணத்துக்காக.

கொலராடோவில் 70ஆம் எண் நெடுஞ்சாலை, டில்லன் ஊரிலிருந்து ஐசனாவர் சுரங்கப்பாதைக்கு ஏறுகிறது. எட்டு மைல், சரிவு சில இடங்களில் 7 சதவீதம். சுரங்கம் இருப்பது 3,400 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். டர்போ இல்லாத இன்ஜின் அந்த மெல்லிய காற்றைத்தான் இழுத்து எரிக்க வேண்டும். 360 எச்பி வி8 அங்கே போய்ச் சேரும்போது ஏறத்தாழ 250 எச்பி இன்ஜின். டர்போவோ காற்றை அழுத்தித் திணிப்பதால் இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 டன் டிரெய்லரோடு 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போக, கியர் இழப்பையும் சேர்த்து சுமார் 190 எச்பி தேவை. ஈக்கோபூஸ்ட் 2,500 ஆர்பிஎம்மில் தருவது 200 எச்பி. அதாவது சத்தமே இல்லாமல், பேச்சை நிறுத்தாமல் ஏறலாம். வி8ஆலும் முடியும், ஆனால் இரண்டு கியர் இறக்கி, அந்த உயரத்தில் 4,000க்கும் மேலே கத்திக்கொண்டு. டிரெய்லர் 5 டன் என்றால் தேவை 245 எச்பி ஆகிறது. வி8 முழு மிதியில், விளிம்பில் நிற்கிறது. இதை ஒரு முறை அனுபவித்தவர் மைலேஜைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.

ஏறியவர் இறங்கவும் வேண்டுமே. அங்கே பெரிய இன்ஜினின் பழைய வலிமை தெரியும். காலை எடுத்தால் 5 லிட்டர் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலம் 3.5 லிட்டருக்கு வராது. டர்போ இறக்கத்தில் உதவுவதில்லை. டிரெய்லரில் பிரேக் சரியாக இல்லாதவர் இதை முதல் நீண்ட இறக்கத்திலேயே உணர்வார்.

கடல் மட்டத்தில், டெக்சஸ் வெளிகளிலோ ஃபுளோரிடாவிலோ வாழ்க்கை முழுதும் ஓட்டுகிறவருக்கு இந்த அத்தியாயத்தில் பாதி தேவையே இல்லை.

இன்டர்கூலரில் தண்ணீர்

மேடையில் பிரித்துக் காட்டிய இன்ஜினில் தெரியாத ஒரு குறை, வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு தெரிந்தது. ஈரக் காற்று, மழை, நீண்ட நேரம் சீரான வேகம். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேலையைத் தேவைக்கு மேல் நன்றாகச் செய்தது. காற்றிலிருந்த ஈரம் உள்ளே நீராகப் படிந்து தேங்கியது. முன்னால் போகும் லாரியை முந்தலாம் என்று மிதியை அழுத்தியதும் அந்த நீர் மொத்தமாக இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டது. இன்ஜின் திணறியது, கணினி பயந்துபோய் சக்தியைக் குறைத்தது. எதிர் வரிசையில் ஏறி முந்திக்கொண்டிருக்கும்போது.

புகார்கள் குவிந்து, 2013ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியது. இன்டர்கூலருக்குப் போகும் காற்றைத் தடுக்கும் தகடு, கணினி நிரல் மாற்றம் என்று பழுது நீக்க வழிமுறைகளைப் பணிமனைகளுக்கு நிறுவனம் அனுப்பியது. பொறுமையில்லாத சிலர் அதற்குள் தாங்களே துளைக்கருவியை எடுத்து இன்டர்கூலரின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை போட்டுத் தண்ணீரை வடித்துவிட்டார்கள். பல்லாயிரம் மணி நேரச் சோதனைக்குப் பதில் ஒரு பொத்தல். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

இதிலிருந்து டர்போ நம்பத்தகாதது என்று முடிவு கட்டக் கூடாது. சோதனை எதைச் சோதித்தது என்று பார்க்க வேண்டும். பாஹா பாலைவனத்தில் ஈரம் கிடையாது. மரம் இழுக்கும் வண்டி ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் போவதில்லை. கடும் பாரத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கு அந்த இன்ஜின் பதில் சொல்லிவிட்டது. பாரமில்லாமல் மழையில் சும்மா போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. பிக்கப் வாங்கும் பெரும்பாலோர் செய்வதோ அதைத்தான்.

பிறகு வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் நீள்வது, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடிப் பீய்ச்சலால் வால்வில் கரி படிவது என்று மற்றப் பேச்சுகளும் வந்தன. 2017ல் வந்த இரண்டாம் தலைமுறை 3.5இல் நேரடிப் பீய்ச்சலோடு பழைய முறைப் பீய்ச்சலும் சேர்ந்தது. கரிப் பிரச்சினைக்கு அது நல்ல மருந்து. அந்தத் தலைமுறைக்கு கேம் ஃபேசர் என்ற பாகம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடக்கும் புது நோய் வந்தது. அதே காலத்து 5.0 வி8க்கு எண்ணெய் குடிக்கும் புகார். சரி, யாரும் புனிதரில்லை.

ஸ்டிக்கரைப் படித்தவர்கள் சிலர்தான்

விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட எண் 11,300 பவுண்டு, அதாவது 5,100 கிலோ இழுவை. அது கிடைக்க ஈக்கோபூஸ்ட் மட்டும் போதாது. பின் ஆக்சில் விகிதம் (எண் கூடினால் இழுவை கூடும், மைலேஜ் குறையும்) 3.73 வேண்டும், அதிகபட்ச இழுவைத் தொகுப்பு வேண்டும். மைலேஜுக்காக 3.15 ஆக்சிலோடு வந்த அதே இன்ஜின் அந்த எண்ணை நெருங்காது. ஷோரூமில் நிற்கிற வண்டியில் எந்த ஆக்சில் இருக்கிறது என்று கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்?

இன்னொன்றும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கி வழியாகப் பிக்கப்பின் முதுகில் இறங்கும். 5,100 கிலோவில் 12 சதவீதம் என்றால் 612 கிலோ. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டகத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று கிலோ கணக்கில் சொல்லும். நாலு கதவும் தோல் இருக்கையும் உள்ள எஃப்-150களில் 700 கிலோவுக்கும் குறைவாக எழுதியவை ஏராளம். கொக்கிக்கு 612 போக மிச்சம் 88 கிலோ. ஓட்டுநர் கொஞ்சம் உடம்பானவராக இருந்தால் மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அதாவது, இன்ஜின் தோற்பதற்கு முன்பே ஸ்பிரிங்கும் ஆக்சிலும் தோற்றுவிடும். 365ஆ 360ஆ என்று மாதக்கணக்கில் விவாதித்தவர்கள் கதவைத் திறந்து பார்த்திருந்தால் விவாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

இப்போது அந்த மே மாதக் கணக்கின் ஓட்டை. வி6 பாதியைத் தாண்டியது என்றார்களே, அதில் இரண்டு வி6கள் சேர்ந்திருந்தன. ஈக்கோபூஸ்ட் மட்டுமல்ல, யாரும் மேடையில் பிரித்துக் காட்டாத, பந்தயத்துக்கு அனுப்பாத 3.7லிட்டரும். அதன் 302 எச்பி, முந்தைய ஆண்டு 4.6 வி8 தந்ததை விட அதிகம். 2,700 கிலோ இழுக்கும். டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, நேரடிப் பீய்ச்சல் இல்லை. விலை குறைவு, மைலேஜ் மூன்றிலும் அதிகம். ஒரு படகோ, இரண்டு பைக் ஏற்றிய சின்ன டிரெய்லரோ இழுக்கும் ஆளுக்கு, வாரம் முழுக்க அலுவலகத்துக்கும் சனிக்கிழமை மரக்கடைக்கும் போகிற ஆளுக்கு, 2011ன் சரியான விடை அதுதான் என்பது என் கட்சி. வி8ஆ டர்போவா என்ற சண்டையின் இரைச்சலில் அதன் பெயர் கேட்கவில்லை.

மற்ற இருவருக்கும் இடம் உண்டு. மலை நாட்டில், மாதத்தில் பல நாள் 3 டன்னுக்கு மேல் இழுக்கிறவர் ஈக்கோபூஸ்ட்டை எடுத்திருக்க வேண்டும், 3.73 ஆக்சிலோடு. சமதரையில் ஓட்டி, பத்துப் பதினைந்து வருஷம் வைத்திருந்து, தெருமுனை மெக்கானிக்கிடமே காட்டுகிறவருக்கு 5.0.

பின்கதை

2015ல் ஃபோர்டு இன்னும் ஒரு படி போனது. அலுமினிய உடல், அதிகபட்சமாக 700 பவுண்டு, 317 கிலோ எடைக் குறைப்பு. இன்ஜின் 2.7 லிட்டராகவே சுருங்கி 325 எச்பி தந்தது. வண்டி இளைத்தபோது சின்ன இன்ஜினுக்கு அர்த்தம் வந்தது, கலப்பு மைலேஜ் 22ஐத் தொட்டது. 2011ன் ஒரு மைல் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் இது நிஜமான மிச்சம். என்ன, இதன் பின்னாள் வடிவத்திலும் வால்வு உடைந்து, 2024ல் சுமார் 90,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் எஃப்-150 தவிர வேறு கார்களும் உண்டு.

போட்டியாளர்களும் அதே வழியில் வந்தார்கள். டொயோட்டாவின் டன்ட்ரா பிக்கப் 5.7 வி8ஐக் கைவிட்டு 2022ல் இரட்டை டர்போ வி6க்கு மாறியது. தயாரிப்பின்போது இன்ஜினுக்குள் உலோகத் துகள் தங்கிவிட்டதென்று 2024ல் சுமார் 1,02,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வி8 ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். அடுத்த வருஷம் ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8க்காக அமெரிக்காவில் மட்டும் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் கோளாறு. துள்ளல் நின்றது. இரண்டு சம்பவங்களிலும் குற்றவாளி தயாரிப்புத் தரம்தான். சிலிண்டர் எண்ணிக்கைக்கு இதில் பங்கில்லை.

இன்னொரு அமெரிக்க பிக்கப் நிறுவனமான ராம் (ஆங்கிலத்தில் ஆட்டுக்கடா என்று பொருள்) 2025 மாடலில் புகழ்பெற்ற 5.7 ஹெமி வி8ஐ நிறுத்தி, 3.0 லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டரைப் போட்டது. அடிப்படை வடிவமே 420 எச்பி, 636 நியூட்டன் மீட்டர். எல்லா எண்ணிலும் ஹெமியை விட மேல். ஒரே வருஷத்தில், 2025 ஜூனில், ஹெமியைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். அதை நிறுத்தியது தங்கள் தவறு என்று நிறுவனத் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். திரும்பி வந்த ஹெமி 395 எச்பி, 556 நியூட்டன் மீட்டர். டர்போவை விட 25 எச்பி குறைவு. சில வடிவங்களில் விலை 1,200 டாலர் கூடுதல். முன் ஃபெண்டரில் ஒரு புதுச் சின்னம்: ஹெமி இன்ஜினிலிருந்து தலையை நீட்டும் ஆட்டுக்கடா. அதற்கு நிறுவனமே வைத்த பெயர் ‘எதிர்ப்பின் சின்னம்’.